தோற்றவர் நடக்க வேண்டும்

மனிதன் நடப்பதை நிறுத்திய அன்றுதான் நாகரிகம் தொடங்கியது. குதிரை, மாட்டுவண்டி, பாய்மரம், ரயில், கடைசியாக நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் சைக்கிள் என்று மனித வரலாறு முழுவதுமே கால் தரையில் படாமல் பார்த்துக்கொள்வதற்கான போராட்டம்தான். அந்தப் போராட்டத்தில் முன்னேறியவர்கள் வாழ்ந்தார்கள். நடந்தே தீருவேன் என்று அடம்பிடித்தவர்களின் எலும்பு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.

இந்த உண்மையைக் கண்டுபிடித்தவர் பாசியா ரும்பை என்ற கடலோர ஊரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் குஸ்மர்தி. வயது ஐம்பத்தாறு, எடை தொண்ணூற்று நான்கு. கண்டுபிடிப்பை அவர் வெளியிட்ட இடம், கடல்பாலத்துக்கு எதிரே இருக்கும் லிஸ்மாவின் காப்பிக் கடை. அங்கே யாரும் அதை மறுக்கவில்லை. மறுக்கக்கூடியவர்கள் எல்லோரும் மோட்டார் சைக்கிளில்தான் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களில் வெல்மியும் ஒருவர். வெல்மியின் வீட்டுச் சுவரும் காப்பிக் கடைச் சுவரும் ஒன்றேதான். ஆனால் வீட்டு வாசல் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு வர ஒரு வண்டி வேண்டாமா?

சாயங்காலத் தொழுகை முடிந்ததும் கடையில் நான்கு பேர், புள்ளிக் கட்டைகளை முனைக்கு முனை பொருத்தி ஆடும் டோமினோ மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒரு பக்கம் குஸ்மர்தியும், மீன் ஏலத்தில் ஐஸ் உடைத்துக் கொடுக்கும் எர்டிசனும் ஜோடி. எதிர்ப்பக்கம் வெல்மியும் தஸ்ரிலும். வெல்மி படகுக்குச் சாயம் அடிப்பவர். தஸ்ரில் பள்ளிக்கூட அலுவலகத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தோற்ற ஜோடி அடுத்த ஆட்டம் முடியும்வரை காதில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பது ஊர் வழக்கம். தஸ்ரிலின் காது மடல் நிரந்தரமாகச் சிவந்திருந்தது. குஸ்மர்தியின் காதைக் கிளிப் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது. இதை அவரே சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொய் இல்லை. எதிராளி கட்டையைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தே அதில் எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுவார்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஊரில் ஒரு புதுமை வந்தது. பள்ளிவாசல் பெண்கள் ஓதல் குழுவில் ஒருநாள் சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து முப்பத்தோரு பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். இரண்டே பேருக்குச் சரியாக இருந்தது. அதில் ஒன்று கருவி சரியாக வேலை செய்கிறதா என்று நர்ஸ் தனக்குத்தானே பார்த்துக்கொண்டது. குழுவின் தலைவி குஸ்மர்தியின் மனைவி ரோஸ்னிதா. மறுநாள் விடியல் தொழுகை முடிந்ததும் பன்னிரண்டு பெண்கள் தொழுகை அங்கியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிவாசலிலிருந்து கடல்பாலத்து முனைவரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, யாரும் பணமும் கொடுக்கவில்லை. ஒரு மாதத்தில் பன்னிரண்டு பேர் அறுபது பேரானார்கள்.

குஸ்மர்தி அவர்களுக்கு வாத்துப் படை என்று பெயர் வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. பெண்களுக்கே அது பிடித்துப்போய், முன்னால் போகிறவள் பின்னால் வருகிறவர்களைப் பார்த்து 'வாத்துங்க எல்லாம் வந்தாச்சா' என்று கேட்க ஆரம்பித்தது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெண்கள் நடந்தது போதாதென்று ஆண்களையும் நடக்க வைக்கப் பார்த்தார்கள். முதல் முயற்சி, ஆரோக்கிய நடை. ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று கிலோமீட்டர். புறப்படும் இடத்தில் சீட்டு, முடியும் இடத்தில் குலுக்கல், முதல் பரிசு ஒரு வெள்ளாடு. நானூறு பேர் வந்தார்கள். கொடி அசைந்ததும் நானூறு பேரும் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதல் சந்துவரை கம்பீரமாக நடந்தார்கள். சந்துக்குள் வண்டிகள் தயாராக நின்றன. முக்கால் மணி நேரம் கழித்து வந்து சேரவேண்டிய கூட்டம் ஆறு நிமிஷத்தில் வந்து சேர்ந்து, ஆட்டைப் பிடித்துப் பல்லை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தது. உண்மையாகவே நடந்து வந்த அறுபது பெண்கள் வந்தபோது குலுக்கல் முடிந்துவிட்டிருந்தது. ஆட்டை வென்றவர் பக்கத்து ஊரிலிருந்து மீன் வாங்க வந்தவர். கூட்டமாக இருக்கிறதே என்று நின்றவர் கையில் யாரோ சீட்டைத் திணித்திருந்தார்கள்.

அன்று மட்டும் குஸ்மர்தி ஏழு பஞ்சர் ஒட்டினார். ஊர் மக்களின் ஆரோக்கியத்துக்கு இப்படிப்பட்ட முயற்சிகள் அடிக்கடி நடக்க வேண்டும் என்று சாயங்காலம் கடையில் அறிவித்தார். ஆரோக்கிய நடையால் சாலையோரக் கடைகளில் பாட்டில் பெட்ரோல் தீர்ந்துபோனதைப் புள்ளிவிவரமாகவும் தந்தார்.

அதைக் கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றிய லிஸ்மாவும் ஓதல் குழுவில் ஒருத்திதான். குழுவில் அடுத்த வாரம் அவள் ஒரு விஷயத்தை எடுத்துச் சொன்னாள். இந்த ஆம்பிளைகளுக்கு ஜெயிக்கிறதில் ஆசை கிடையாது, தோற்பதில்தான் பயம். ஆட்டைக் காட்டினால் நடக்கமாட்டார்கள். கிளிப்பைக் காட்டினால் நாள் முழுக்க உட்கார்ந்து யோசிப்பார்கள். ஆகவே கிளிப்பை மாற்றுவோம்.

மறுநாள் மேசையில் கிளிப் டப்பா இல்லை.

"கிளிப்பு துணிக்குத்தான்," என்றாள் லிஸ்மா. "இனிமே தோத்த ஜோடி பாலத்து முனைக்குப் போய் அங்க இருக்கிற விளக்குக் கம்பத்தைத் தொட்டுட்டு வரணும். வந்தப்புறம்தான் அடுத்த ஆட்டம். வண்டியில போனா காப்பி கிடையாது."

பாலம் நானூற்றைம்பது மீட்டர். போகவர தொள்ளாயிரம். தஸ்ரில் காது மடலைத் தடவிக்கொண்டே, வேறு கடைக்குப் போகலாமா என்று மெல்லக் கேட்டார். ஊரில் இன்னும் மூன்று காப்பிக் கடைகள் இருந்தன. மூன்றையும் நடத்துகிறவர்கள் ஓதல் குழுவில் முதல் வரிசையில் உட்காருகிறவர்கள். மூன்றிலும் அன்று காலையே கிளிப் டப்பா காணாமல் போயிருந்தது.

குஸ்மர்தி மட்டும் இந்தச் சட்டத்தை மனதார வரவேற்றார். ஒரு சட்டத்தின் நன்மை தீமையை அதனால் பாதிக்கப்படாதவன்தான் நடுநிலையோடு பார்க்க முடியும் என்றும், இந்த ஊரில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார் என்றும் சொன்னார். அன்றிலிருந்து வெல்மியும் தஸ்ரிலும் தோற்று எழுந்திருக்கும்போதெல்லாம் ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்புவதுபோல் வாசல்வரை வந்து கைக்குட்டை ஆட்டினார். போய்ச் சேர்ந்ததும் தகவல் சொல்லச் சொன்னார். குடும்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வெல்மிக்கு வாக்குக் கொடுத்தார். மனிதனுக்குப் பிறக்கும்போதே இத்தனை அடி என்று அளந்துதான் கொடுக்கப்படுகிறது, அதில் தான் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவழிக்கவில்லை என்பதையும் அப்போதுதான் வெளியிட்டார்.

இப்படி இரண்டு மாதம் போனது. பிறகு அவருடைய தங்கை மகள் விர்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அந்தக் கரையில் கல்யாணம் என்றால் அப்பாவுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்காருவதுதான் வேலை. மற்றதெல்லாம் தாய்மாமனுடையது. மாப்பிள்ளையை அழைத்துவரப் பெண் வீட்டார் மேளதாளத்தோடு நடந்துபோவார்கள். தாய்மாமன் முன்னால் போவார். மாப்பிள்ளை வீட்டு வாசலில் அவர்கள் பக்கத்து மாமன் நிற்பார். இருவரும் பழைய செய்யுள் நடையில் மாறி மாறிப் பேசுவார்கள். ஒருவர் வெற்றிலையை நீட்டிப் பத்து வரி சொன்னால் மற்றவர் பன்னிரண்டு வரியில் பதில் சொல்ல வேண்டும். அரை மணி நேரம் ஓடும் இந்தப் பேச்சு. தடுமாறினால் எதிர்த்தரப்புப் பெண்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு பேரப்பிள்ளைகள்வரை போகும். குஸ்மர்திக்கு இந்தப் பேச்சு தண்ணீர் பட்டபாடு. சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்திலும் அவரை மடக்கிய மாமன் கிடையாது. விர்தா பிறந்த அன்றே இவள் கல்யாணத்துக்கு என்ன பேசவேண்டும் என்று முடிவு செய்தவர்.

தேதி குறிக்கப் போன அன்றுதான் சிக்கல் தெரிந்தது. மாப்பிள்ளை வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், குன்றின் மேல். அடிவாரம்வரை வண்டி போகும். அப்புறம் நூற்றுப் பன்னிரண்டு படி.

முப்பதாவது படியில் குஸ்மர்தி நின்று, கடலைப் பார்க்கிறேன் என்றார். அங்கிருந்து கடல் தெரியாது. ஐம்பதாவது படியில் செருப்பு வாரைச் சரிசெய்தார். எழுபதில் சொல்வதற்குக் காரணம் எதுவும் தோன்றாமல் சும்மா உட்கார்ந்தார். மேலே போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையின் மாமா வாசலில் நின்று வெற்றிலைத் தட்டை நீட்டி, அழகான நான்கு வரி சொல்லி, பதிலுக்காகத் தலையைச் சாய்த்தார். குஸ்மர்தி வாயைத் திறந்தார். டியூப் வால்வை விரலால் அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. சொல்ல வார்த்தை வரிசையாக நின்றது. ஏற்றி அனுப்ப மூச்சு இல்லை. மாப்பிள்ளையின் மாமா பெரிய மனிதர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு குஸ்மர்தி சொல்லவேண்டிய பதிலையும் அவரே சொல்லி, அதற்குத் தன் பதிலையும் சொல்லி, இரண்டு பேருக்காகவும் பேசி முடித்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய் உட்காரவைத்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பார்.

கீழே இறங்கியதும் தங்கை பேச்சை எடுத்தாள். கல்யாணத்தன்று வீட்டிலிருந்தே நடக்கவேண்டும், அதற்கு மேல் இந்தப் படி. அண்ணனுக்குக் கஷ்டமாக இருந்தால் தம்பி ஹென்ட்ரி இருக்கிறானே. ஹென்ட்ரி நகரத்தில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டுப் போட்டோ போடுபவன். செய்யுள் ஒரு வரியும் தெரியாது. கைபேசியில் வைத்துக்கொண்டு பார்த்து வாசித்துவிடுவான் என்றாள் தங்கை.

குஸ்மர்தி இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் விர்தா டயரில் காற்று இல்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டயரில் காற்று இருந்தது.

"மாமா, கோவிச்சுக்கக் கூடாது. அவங்க சின்னம்மா வீடு ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்துல இருக்கு. படி கிடையாது. மாப்பிள்ளைய அங்க வந்து உக்காரச் சொல்லவா?"

"எனக்காக மாப்பிள்ளைய எறக்கி வைக்கப் போறியா?"

"எறக்கி வைக்கல மாமா. கொஞ்சம் பக்கத்துல நகத்தி வைக்கிறேன்."

"அதான் ஹென்ட்ரி இருக்கானே. அவன் ஓடியே போயிடுவான்."

"ஹென்ட்ரி மாமா வாசிச்சா கல்யாணம் மாதிரியா இருக்கும்? பேங்க்ல டோக்கன் நம்பர் கூப்பிடுற மாதிரி இருக்கும்." விர்தா டயரை உதைத்தாள். "நீங்கதான் பேசணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். எங்க நின்னு பேசுறீங்கங்கிறது எனக்கு முக்கியமில்ல."

அவருக்கு முக்கியமாக இருந்தது. படியைப் பார்த்துப் பயந்து மாப்பிள்ளையை இறக்கிய மாமன் என்று ஒரு பெயர் கிடைத்தால் அது வாத்துப் படையைவிட நன்றாக ஒட்டும். யாரையும் எங்கேயும் நகர்த்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்குப் பத்து வாரம் இருந்தது.

மறுநாள் விடியலில் நடை முடித்து வீட்டுக்கு வந்த ரோஸ்னிதா, கணவர் கிணற்றைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நட்டு ஒன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றார் அவர். அவள் வாசற்படியில் உட்கார்ந்து அவர் மூன்று சுற்றுத் தேடுவதைப் பார்த்தாள்.

"ஊடா, நாளைக்கு எங்ககூட வாங்களேன்." கணவனையும் அண்ணனையும் அந்த ஊரில் ஊடா என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் சொல்லும்போது அது எந்த ஊடா என்பதில் யாருக்கும் குழப்பம் வராது.

"ஊரே சிரிக்கும்."

"ஊர்ல பாதிப் பேரு எங்ககூட நடக்குது. மீதிப் பேருதான் சிரிக்கணும்."

"அந்த மீதிப் பேரத்தான் எனக்குத் தெரியும்," என்றார் குஸ்மர்தி. தேடலைத் தொடர்ந்தார். கிணற்றைச் சுற்றினால் தலைதான் சுற்றியது, மூச்சு வளரவில்லை. சாலையில் நடந்தால் பத்து வீட்டுக்காரர்கள் வண்டி என்ன ஆச்சு என்று கேட்பார்கள். பாசியா ரும்பையில் ஒரு ஆண் காரணமில்லாமல் நடப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அது சட்டப்படியானது, கௌரவமானது, யாரும் கேள்வி கேட்க முடியாதது.

அன்று சாயங்காலம் குஸ்மர்தியின் கையில் ஐந்து புள்ளிக் கட்டை இருந்தது. மேசையில் இரண்டு முனையிலும் ஐந்து நின்றது. அவர் கட்டைகளை ஒருமுறை பார்த்தார், போடக் கட்டை இல்லை என்பதற்கு அடையாளமாக மேசையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இல்ல."

எர்டிசன் கையிலிருந்த சிகரெட் மடியில் விழுந்தது. ஐந்து உங்ககிட்டத்தான் இருக்கணும் என்று அவன் கண்ணாலேயே கதறினான். குஸ்மர்தி கடலைப் பார்த்தார். ஆட்டம் முடிந்தபோது வெல்மி எழுந்து நின்றுவிட்டார். தஸ்ரில் இது நிஜந்தானா என்று கட்டைகளைத் திரும்ப எண்ணினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு குஸ்மர்தி தோற்றார் என்ற செய்தி அவர் பாலத்தின் பாதி தூரம் போவதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. வாசலில் நின்று அவருக்குக் கைக்குட்டை ஆட்டியவர்கள் பதினான்கு பேர்.

அன்று அவர் பாலத்தில் நான்கு முறை உட்கார்ந்தார். எர்டிசன் முன்னால் போய்க்கொண்டே ஐந்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசினான். மூன்றாவது முறை உட்கார்ந்தபோது பாசக்காரனாகி, கண் டாக்டரிடம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான்.

அடுத்த வாரங்களில் குஸ்மர்தி ஒரு பெரிய உண்மையைக் கற்றார். வெல்வது சுலபம். வெல்மியிடமும் தஸ்ரிலிடமும் தோற்பதற்குத்தான் உண்மையான திறமை வேண்டும். அவர்கள் அவ்வளவு மோசமாக ஆடினார்கள். நல்ல கட்டையை முதலிலேயே வீணடித்தார்கள், கணக்கை மறந்தார்கள், வெல்லவேண்டிய இடத்தில் தட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் வருவதற்கு இவர் ஒவ்வொரு நாளும் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. சந்தேகம் வராமலிருக்க வாரத்தில் ஒருநாள் ஜெயிக்கவும் வேண்டும். ஆனாலும் நாளுக்கு இரண்டு முறை பாலத்துக்குப் போய்விட்டார். நான்கு முறை உட்கார்ந்தவர் இரண்டு முறை உட்கார்ந்தார், ஒரு முறை உட்கார்ந்தார், பிறகு கம்பத்தைத் தொடும்போது மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றார். ஆறாவது வாரம் பேசிக்கொண்டே நடக்க முடிந்தது. எர்டிசனிடம் கல்யாணச் செய்யுளைப் பாலம் முழுவதும் சொல்லிப் பார்த்தார். எர்டிசன் மாப்பிள்ளை வீட்டு மாமாவாக இருந்து, ஒவ்வொரு பத்து வரிக்கும் "சரி, வச்சுக்கோங்க" என்று பதில் சொன்னான்.

ஒரு காலை வண்டி இருக்கையின்மேல் புது கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி இருந்தது. இது யாருக்கு என்று கேட்டார். தோற்கிறவர்களுக்கு என்றாள் ரோஸ்னிதா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கட்டை சரியாக விழவில்லை, இல்லாவிட்டால் நானாவது தோற்பதாவது என்று அவர் விளக்கினார். தெரியும், கட்டை சில நேரம் பத்து வாரம்கூட விழாது என்று அவள் ஆறுதல் சொன்னாள். ஷூ சரியான அளவாக இருந்தது.

எட்டாவது வாரம் ஒரு வினோதம் நடந்தது. ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் குஸ்மர்தி 'இல்ல' என்று தட்டினார். அடுத்து வெல்மி தட்டினார். அடுத்து எர்டிசன், அடுத்து தஸ்ரில். நான்கு பேரும் அடுத்தடுத்துத் தட்டிவிட்டால் ஆட்டம் அடைபட்டது என்று பொருள். யார் கையில் புள்ளி அதிகமோ அவர் ஜோடி தோற்றது. நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கட்டைகளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்ககிட்டத்தான் அதிகம் இருக்கும்," என்றார் தஸ்ரில். அவர் கால் ஏற்கெனவே மேசைக்கு வெளியே இருந்தது.

"அதெப்படி சொல்றீங்க? எண்ணிப் பாக்காம?" என்றான் எர்டிசன். ஐந்தைப் பற்றி அவன் பேசி இரண்டு வாரமாகியிருந்தது என்பதைக் குஸ்மர்தி அப்போதுதான் கவனித்தார்.

லிஸ்மா வந்து நான்கு பேர் கையிலிருந்தும் கட்டைகளை வாங்கி மேசையில் திருப்பிவைத்தாள். மேசையின் ஒரு முனையில் மூன்று நின்றது, மறுமுனையில் ஒன்று. குஸ்மர்தியின் கையில் மூன்று இருந்தது. வெல்மியிடம் ஒன்று. எர்டிசனிடம் இரண்டுமே இருந்தது. தஸ்ரிலிடம் ஆட்டத்தை அப்போதே முடித்து ஜெயித்திருக்கக்கூடிய கட்டை இருந்தது. அவர் காதுவரை சிவந்தார், கிளிப் எதுவும் இல்லாமலே.

லிஸ்மா புள்ளிகளை எண்ணவில்லை. கடையில் இருந்த வேறு யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள். "நாலு பேரும் தோத்துட்டீங்க. போயிட்டு வாங்க."

போனார்கள். நான்கு பேரும் வரிசையாகப் பாலத்தில் ஏறினார்கள். வலையை உதறிக்கொண்டிருந்த படகுக்காரர்கள் நான்கு பேர் எப்படி ஒரே நேரத்தில் தோற்க முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் வெல்மி, வைத்தியர் தன் மாத்திரையைப் பாதியாகக் குறைத்ததைப் பொதுவாகக் காற்றிடம் சொன்னார். தஸ்ரில் தனக்கு இங்கே வந்தால்தான் இரவு தூக்கம் வருகிறது என்றார், இதுவும் காற்றிடம்தான். எர்டிசன் காற்சட்டையை ஒருமுறை மேலே இழுத்துக்கொண்டான். அவனுடைய பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை இருந்தது. குஸ்மர்தி கட்டை விழுவதில் பருவத்துக்குப் பருவம் ஏற்படும் மாற்றத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். மூன்று பேரும் அதை மிகுந்த மரியாதையோடு ஒப்புக்கொண்டார்கள். அது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒருநாள் அவர்கள், மறுநாள் இவர்கள் என்று தோல்வியைத் தகராறு இல்லாமல் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஹென்ட்ரி முந்தின நாளே வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கைபேசியை முழுக்கச் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். குஸ்மர்தி கருப்புக் கோட்டும் இடுப்பில் சரிகைத் துணியும் தலையில் குல்லாவுமாக முன்னால் நின்றார். மேளம் எழுந்ததும் நடந்தார். சந்தை, மீன் ஏலக்கூடம், ஆற்றுப் பாலம். பின்னால் வரும் வாத்துப் படை முழுதும் பட்டுச் சட்டையில் இருந்தது. அவர்கள் பழக்கத்தில் வேகமாக வந்து அவர் குதிகாலை மிதித்தார்கள். படி ஆரம்பிக்கும் இடத்தில் மேளக்காரர்கள் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவர் நிற்கவில்லை. நின்றால் எதைப் பார்ப்பதற்காக நிற்கிறார் என்று சொல்லவேண்டியிருக்கும்.

முப்பதாவது படி ஈரமாக இருந்தது. எழுபதாவது படியில் சட்டைக்குள் வியர்வை ஓடியது, தொடை நடுங்கியது. தொண்ணூறில் இதயம் தாளத்தை விட்டு மேளத்தை முந்தியது. நூற்றுப் பன்னிரண்டில் நின்று, மூக்கால் ஒரு மூச்சு இழுத்தார். பிறகு இன்னொன்று.

மாப்பிள்ளையின் மாமா வாசலில் நின்றிருந்தார். தட்டை நீட்டி அதே நான்கு வரியைச் சொல்லி, தலையைச் சாய்த்து, தேவைப்பட்டால் இரண்டு பேருக்காகவும் பேசத் தயாராக இருந்தார். தேவைப்படவில்லை. குஸ்மர்தி பேசினார். கடலில் தொடங்கி, ஆற்றைக் கடந்து, குன்றேறி வந்த களைப்பை இந்த வீட்டு வாசலின் அழகு தீர்த்ததாகச் சொல்லி, விர்தா பிறந்த அன்று முடிவு செய்து வைத்திருந்த வரிகளுக்கு வந்தார். அந்த இடத்தில் குரல் ஒருமுறை இடறியது. அது மூச்சால் வந்த இடறல் இல்லை. அரை மணியில் முடியவேண்டிய பேச்சு ஐம்பது நிமிஷம் போனது. கடைசியில் மாப்பிள்ளையின் மாமாதான் ஒரு நாற்காலி கேட்டார். ஹென்ட்ரி கைபேசியில் அதையெல்லாம் படம் பிடித்தான். அன்றைக்கு அதற்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது.

திரும்பும்போது மாப்பிள்ளையோடு படி இறங்கினார்கள். பெண் வீட்டு வாசலில் விர்தா குனிந்த தலையை லேசாக நிமிர்த்தி, பேசினீங்களா மாமா என்று கேட்டாள். கொஞ்சம் பேசினேன் என்றார் அவர்.

மூன்று நாள் கழித்துத்தான் காப்பிக் கடைக்குப் போனார். கல்யாணம் முடிந்துவிட்டது. ஏற வேண்டிய படி எதுவும் இனி இல்லை. தோற்கவேண்டிய தேவையும் இல்லை. அன்று பழைய குஸ்மர்தியாக உட்கார்ந்து ஆடினார். எதிராளி கட்டையைப் பிடிப்பதைப் பார்த்தே புள்ளியைச் சொன்னார், ஐந்தை ஐந்துக்கு எதிரே அறைந்தார், ஏழே நிமிஷத்தில் முடித்தார். வெல்மியும் தஸ்ரிலும் தோல்விக்குத் தகுந்த முகத்தை வைத்துக்கொண்டு சற்று வேகமாகவே எழுந்து, பாலத்தை நோக்கிப் போனார்கள்.

கடையில் எல்லோரும் காத்திருந்தார்கள். இந்த இடத்தில் குஸ்மர்தி எழுந்து வாசலுக்கு வரவேண்டும், கைக்குட்டையை எடுக்க வேண்டும், நாகரிகத்தின் வரலாற்றில் மோட்டார் சைக்கிளின் இடம் என்ன என்று தொடங்க வேண்டும். லிஸ்மா சூடான காப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். பாலத்தில் இரண்டு பேரும் சின்னதாகிக்கொண்டு போனார்கள். வெயில் சாய்ந்து, அலை மேலே மஞ்சளாக விழுந்திருந்தது.

குவளையின்மேல் மூடியை வைத்தார். மூடி வைத்தால் திரும்பி வந்து குடிப்பேன், எடுக்காதே என்று அந்தக் கடையில் பொருள்.

"ஊடா," என்றான் எர்டிசன் பின்னாலிருந்து. "நாமதானே ஜெயிச்சோம்?"

"ஆமா," என்றார் குஸ்மர்தி. நிறுத்தி வைத்திருந்த வண்டியைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்து, பாலத்தில் ஏறி நடந்தார்.